அம்பிகையின் சுருட்டுப் பெட்டி

7-8-1927, ஞாயிறு

கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு இல்லை. என் நாக்கில்தான் பிழை என்று நினைத்து இன்னொரு கவளம் பிசைந்து பார்த்தேன். நாக்கில் பிழை இல்லை. சொன்னேன். அம்பிகை நாக்கைக் கடித்துக்கொண்டு உப்புச் சிரட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. ஏதோ நல்ல செய்தியை வாய்க்குள் அடக்கி வைத்திருப்பவள்போல நின்றாள்.

சாப்பிட்டுவிட்டு முன்னறையில் சாய்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது. இந்த ஈப்போ ரெயில்வே குவார்ட்டர்ஸில் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் கதைப்பது காதில் விழாது. ஆனாலும் பின்னறையிலிருந்து சிரிப்புக் கேட்டது. அம்பிகையின் சிரிப்பு. வீட்டில் எங்கள் இருவரைத் தவிர ஒரு குருவி கிடையாது. நானோ இங்கே கிடக்கிறேன். அப்படியானால் யாரோடு சிரிப்பு? எழுந்து போய்ப் பார்த்தேன்.

பாயில் காலை மடித்து இருந்தாள். முன்னால் ஊரிலிருந்து எனக்குச் சுருட்டு வந்த பெட்டி. பெட்டிக்குள்ளும் பாயிலும் சின்னச் சின்ன அட்டைச் சதுரங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து. அட்டை எங்கிருந்து கிடைத்தது என்று புரட்டிப் பார்த்தால், அடுப்பு மூட்டுவதற்காகக் குட்ஸ் ஆபீசிலிருந்து நான் கொண்டுவந்து போட்ட பழுதான லேபிள்கள்!

"என்ன செய்யிறாய்?"

"சும்மா விளையாடுறன்."

"ஆரோடை?"

"ஒருத்தரோடையும் இல்லை. இது தனிய விளையாடுறது."

'மரகதம்' என்று அடுக்கினாளாம். அந்த எழுத்துகளையே கலைத்துக் கலைத்து மரம், கரம், ரதம், தரம், மதம் எல்லாம் எடுத்தாளாம். இனி ஒன்றும் வராது என்று நினைத்தபோது மகரம் வந்ததாம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. குழம்பில் உப்பு விழாததற்கும் மரகதந்தான் காரணம்.

கலியாணமாகி ஒன்றரை வருஷம். நான் வேலை முடிந்து வரும்போது அம்பிகை புன்னகை செய்வாள், தேத்தண்ணீர் தருவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மகரத்துக்குச் சிரித்த சிரிப்பை நான் இன்றுதான் முதலில் கேட்டேன்.

9-8-1927, செவ்வாய்

நானும் சேர்ந்து விளையாடப் போனேன். தமிழ் விஷயத்தில் என்னை யாரும் சும்மா சொல்லிவிட முடியாது. ஈப்போவில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் வீட்டுக் கலியாணம் எதற்கும் கதிரவேலுவின் வாழ்த்து வெண்பா இல்லாமல் தாலி ஏறியதில்லை.

பக்கத்தில் இருந்து சில விதிகள் சொன்னேன். வடசொல் கூடாது, பொருளுள்ள சொல்லுக்கே மதிப்பு, சீராக ஒரு முறை வேண்டும். "ஓம், ஓம்" என்று ஆமாம் போட்டுக் கேட்டாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, "அடுப்பிலை பால் இருக்கு" என்று பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

அடுப்பில் பால் இருக்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன்.

12-8-1927

இன்றும் சிரித்தாள். என்னோடு அல்ல.

18-8-1927, வியாழன்

பால்காரி இருளாயி காலையில் என்னைப் படலைக்கு வெளியே மறித்துக்கொண்டாள். முன்னே ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவள். இப்போது ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு மாடு கட்டியிருக்கிறாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் அவள் தாழ்த்திய குரலே அடுத்த வீதிவரை போகும்.

"ஐயா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. அம்மா தனியா ஒக்காந்து சிரிக்குது லா. ரெண்டு மூணு நாளா பாக்குறேன். பக்கத்துலதான் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கு, ஆமா. வேப்பிலை அடிச்சாத் தேவல."

"அது விளையாட்டு" என்றேன்.

"அதத்தான் அம்மாவும் சொல்லிச்சு. தபால்காரன் பைக்குள்ள என் பாலு இருக்காம்லா! தபாலைப் பிரிச்சா பால் வருதாம். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனா கேக்க நல்லாத்தான் இருக்கு."

ஆக, பால்காரிக்கு விளக்கம் உண்டு. அவளோடு சேர்ந்து சிரிப்பும் உண்டு. தாலி கட்டியவனுக்கு அடுப்பில் இல்லாத பால்!

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: ஒரு சுருட்டுப் பெட்டியின்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வேறொருவன்மேல் என்றால் அவனோடு சண்டை பிடிக்கலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

24-8-1927, புதன்

மத்தியானம் வேலை குறைவு. துறைமுகத்துக்குப் போகவேண்டிய ஈய மூட்டைகள் இன்னும் வரவில்லை. ஒரு லேபிளைக் கிழித்து நானும் தனியே விளையாடிப் பார்த்தேன். மனதில் இருந்த சொல்லையே எடுத்தேன். பொறாமை. பொ, றா, மை. வெகுநேரம் புரட்டியும் கிடைத்தது 'மை' ஒன்றுதான். சிரிப்பு வரவில்லை. தலைமைக் கிளார்க் பார்த்துவிட்டு, என்ன மிஸ்டர் கதிரவேலு, லேபிளைத் தின்கிறீரா என்று கேட்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது பட்டும்படாமல் கேட்டேன், என் பேரைப் பிரித்தால் என்ன வரும் என்று. அவள் பெட்டியை எடுக்கவே இல்லை. முன்பே பார்த்து வைத்திருக்கிறாள்!

"கதி வரும். பேந்து, உங்கட பேருக்குள்ளை ஒரு ரதி ஒளிச்சிருக்கிறா" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிவந்துபோய் ரசத்தை எடுக்க உள்ளே போனாள்.

ரதி! எனக்கு அரைமணி நேரம் தரையில் கால் பாவவில்லை. கப்பலுக்குள் பகல் இருக்கிறது என்றும் சொன்னாள். பினாங்குக்கு வந்த கப்பலில் பகல் முழுதும் பார்க்கத் தண்ணீரைத் தவிர ஒன்றும் இருக்கவில்லையாம். அப்போதுதான் இந்த விளையாட்டுத் திரும்பத் தொடங்கியதாம். திரும்ப என்றால்? முதலில் எப்போது, யாரோடு? கேட்க நினைத்து விட்டுவிட்டேன். கேட்டிருக்கலாம்.

4-9-1927, ஞாயிறு

கேட்காத கேள்விக்குப் பதில் இன்று காலை ரெயிலில் வந்து இறங்கிற்று. பெயர் விஸ்வலிங்கம். அம்பிகையின் அம்மான் மகன். சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசராக வந்து சேர்ந்திருக்கிறான். அம்பிகையை முதலில் அவனுக்குத்தான் பேசினார்கள். சாதகம் பொருந்தவில்லை. பொருந்தியிருந்தால் நான் இந்த நாட்குறிப்பில் வேறு ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

கூடை நிறைய மங்குஸ்தான் கொண்டுவந்தான். நல்ல உயரம். பல் வரிசை. மருந்து வாசனை. உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டான்: "அம்பிகை, இன்னும் அந்த எழுத்து விளையாட்டு இருக்கோ?"

அவனுக்குத் தெரியும்! நான் போன மாதம் கண்டுபிடித்ததை அவள் பாவாடை கட்டின காலத்திலிருந்தே அவன் அறிவான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவனுடைய பேரைப் பிரித்துச் சொன்னாள். "மச்சான்ரை பேருக்குள்ளை கவி இருக்கு. வலியும் இருக்கு."

"வலியைத்தானே நான் தோட்டத்திலை ஒவ்வொரு நாளும் பார்க்கிறன்" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன். இஞ்சி தின்ற குரங்கு அப்போது என்னைப் பார்த்திருந்தால் ஆறுதல் அடைந்திருக்கும்.

5-9-1927

கவி! கடிதத்தில் ஒரு வரி ஒழுங்காக எழுத வராதவன் பேருக்குள் கவி. வெண்பா பாடுகிறவன் பேருக்குள் கதி. இதுதான் என் கதி.

15-9-1927, வியாழன்

செய்துவிட்டேன்.

நாள் முழுக்க அதே யோசனை. பெட்டியை எரித்தால் தெரிந்துவிடும். ஒளித்தால் வேறு லேபிளை வெட்டுவாள். ஆனால் ஓர் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டால்? விளையாட்டு நொண்டும், ஏன் நொண்டுகிறது என்று தெரியாமல் சலிப்பு வரும், தானாகவே மூடிவைத்துவிடுவாள். எந்த எழுத்து? அதற்குத்தான் தமிழ் படித்தவன் வேண்டும். மரம், கரம், ரதம், மதம், மகரம் — எல்லாம் எதில் முடிகிறது? 'ம்'. தமிழில் பாதிச் சொல்லுக்கு வால் அதுதான். வாலை நறுக்கிவிட்டால் குரங்கு எதைப் பிடித்துத் தாவும்?

அவள் கிணற்றடியில் நின்றபோது பெட்டியைத் திறந்து 'ம்' என்று இருந்ததையெல்லாம் பொறுக்கினேன். அது அதிகம் வேண்டுமென்று அவளே நிறைய எழுதி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் என் சவரப் பெட்டியில் கத்திக்குக் கீழே போட்டு மூடிவிட்டேன். சந்தோஷமாக இருந்தது. முப்பத்திரண்டு வயதுக் கிளார்க் செய்கிற வேலையா இது? ஆனால் செய்துவிட்டேன்.

16-9-1927

மாலை நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பெட்டியைப் பாயில் கவிழ்த்தாள். துழாவினாள். பாயைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் துடைத்தேன்.

துவாயை எடுத்தபோது அவள் கன்னத்தில் கைவைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, முடிந்தது என்று நினைத்தேன். நினைத்து முடிக்கவில்லை — சிரிக்கத் தொடங்கினாள். மகரத்துக்குச் சிரித்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அட்டைகளை அள்ளிப் போட்டு முன்னிலும் உற்சாகமாக விளையாடினாள்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

19-9-1927, திங்கள்

அம்பிகை எனக்கு 'ஓம்' சொல்வதில்லை.

முதலில் கவனிக்கவில்லை. வெந்நீர் வைத்தாயா என்றால் "வைச்சாச்சு" என்கிறாள். மரக்கறி வாங்கட்டோ என்றால் "வாங்குங்கோ" என்கிறாள். கடிதம் போட்டாயா, கதவு பூட்டினாயா, பசிக்கிறதா — எதற்கும் ஏதோ ஒரு பதில் இருக்கிறது, ஓம் மட்டும் இல்லை. யாழ்ப்பாணத்தாள் ஒருத்தி ஓம் இல்லாமல் ஒரு நாளை ஓட்டுவதா? எங்கள் ஆட்கள் விடுகிற மூச்சில் பாதி ஓம்தானே!

இன்னொன்று. கதைத்துக்கொண்டே இருப்பாள், நடுவில் திக்கென்று நிற்பாள், தன் தலையில் தானே ஒரு குட்டுக் குட்டிக்கொள்வாள். இன்று சாப்பாட்டுக்குப் பிறகு "வாழைப்பழ" என்று தொடங்கி நிறுத்தி, ஒரு குட்டு வைத்துக்கொண்டு, "குலையிலை ஒண்டு பிடுங்கித் தரட்டோ?" என்றாள்.

இருளாயி சொன்னது நினைவுக்கு வந்தது. தஞ்சோங் ரம்புத்தான் இங்கிருந்து எத்தனை ஸ்டேஷன்? சீ, என்ன யோசனை இது. விசர் எனக்குத்தான்.

22-9-1927

இன்று நேராகக் கேட்டேன். "என்னிலை கோவமோ?"

"இல்லையே."

"என்னோடை இருக்கிறது உனக்குச் சந்தோஷமோ?"

இதற்கு ஓம் என்று ஒரு சொல் போதும். அவள் வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன், உதடு குவிந்தது. பிறகு டக்கென்று வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

தலையாட்டல் என்ன பதில்? மாடும்தான் தலையாட்டும். சந்தோஷமென்றால் சொல்ல வேண்டியதுதானே? பொய் சொல்ல மனம் வரவில்லையாக்கும்.

25-9-1927, ஞாயிறு

விஸ்வலிங்கம் மறுபடியும் வந்தான். நவராத்திரிக்கு முந்தின நாளாம், மச்சாளைப் பார்த்துவிட்டுப் போக வந்தானாம்.

"ஊரிலையிருந்து கடிதம் வந்ததோ?" என்று கேட்டான்.

"ஓம் மச்சான்" என்றாள்.

பிசைந்த கவளம் என் கையிலிருந்து விழுந்தது. பிறகு எண்ணத் தொடங்கினேன், எண்ணி முடியவில்லை. ஓம் மச்சான். ஓமோம். ஓம், அம்மா சுகம். அவனுக்கு ஓம் மழையாகக் கொட்டுகிறது. இடையில் திரும்பி என்னிடம், "உங்களுக்குக் கொஞ்ச" என்று தொடங்கி நிறுத்தி, தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டு, "இன்னொரு கரண்டி சோறு போடட்டோ?" என்றாள். அவனோடு கதைக்கும்போது குட்டும் இல்லை, திக்கலும் இல்லை. வாய் ஆறாக ஓடுகிறது.

நெஞ்சு பற்றி எரிந்தது. வேறு எப்படி எழுதுவது? எரிந்தது.

அவனை ரெயில் ஏற்ற நானே போனேன், வீட்டில் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிடக் கூடாதே என்று. பிளாட்பாரத்தில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு அவனாகவே ஆரம்பித்தான்.

"அண்ணை, ஒண்டு சொல்லட்டோ? எனக்கு அந்த எழுத்து விளையாட்டிலை அந்த நாளிலை சரியான எரிச்சல்."

"ஏன்?"

"அவ ஒருத்தரையும் சேர்க்கமாட்டா. சின்னனிலை பனையோலை நறுக்கிலை எழுத்து எழுதி வைச்சிருந்தா. நானும் வாறன் எண்டு கெஞ்சினன். மாட்டன் எண்டிட்டா. வந்த கோவத்திலை எல்லாத்தையும் அள்ளிக் கிணத்துக்குள்ளை போட்டிட்டன்."

"பிறகு?"

"பிறகென்ன, ஒரு வருஷம் என்னோடை கதைக்கேல்லை. கோயிலிலை கண்டாலும் மற்றப் பக்கம் திரும்பிவிடுவா. இப்ப ஓம் மச்சான், ஓம் மச்சான் எண்டு மரியாதைக்குக் கதைக்கிறா. ஆனா அந்தப் பெட்டியை என்ரை கண்ணிலை காட்டினதில்லை. நீங்கள் கவனமண்ணை. அவவின்ரை எழுத்திலை மட்டும் கைவைக்காதையுங்கோ."

ரெயில் போய்விட்டது. நான் பிளாட்பாரத்திலேயே நின்றேன். கைவைத்தாயிற்றே! கிணற்றுக்குள் போட்டவனுக்கு ஒரு வருஷம் பேச்சில்லை. கத்திக்குக் கீழே போட்டவனுக்கு? ஓம் போய்விட்டது. திக்கல் வந்துவிட்டது. மிச்சச் சொல்லும் ஒவ்வொன்றாகப் போய்விடுமோ?

27-9-1927

திரும்ப வைத்துவிடலாமென்று இரண்டு முறை சவரப் பெட்டியைத் திறந்தேன். அவள் வீட்டிலேயே இருக்கிறாள். எங்கேதான் போவாள்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு சவரப் பெட்டிக்குள் கிடந்து குறுகுறுக்கிறது.

அவனுக்கு ஓம். எனக்குத் தலையாட்டல்.

3-10-1927, திங்கள்

நாளைக்குச் சரஸ்வதி பூசை. அம்பிகை மாலையிலிருந்து புத்தகங்களைத் தூசி தட்டிக் கும்பத்துக்கு முன்னால் அடுக்குகிறாள். என் நிகண்டு, தேவாரப் புத்தகம், பஞ்சாங்கம், ஊர்க் கடிதங்கள்கூட. நாளைக்கு வீட்டில் யாரும் எழுத்தைத் தொடக்கூடாது. வாசிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. எல்லா எழுத்தும் சரஸ்வதியின் காலடியில் இருக்கவேண்டும். சுருட்டுப் பெட்டியும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா எழுத்தும். அந்த 'ம்'களை என்ன செய்வது? சவரக் கத்திக்குக் கீழே, பழைய சோப்புக்குப் பக்கத்தில், கலைமகளுக்கு உரிய எழுத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு நான் எப்படித் தேங்காய் உடைப்பேன்? வெண்பாவே வராமல் போய்விட்டால்?

அப்போது அம்பிகை திரும்பிப் பார்க்காமல், ஒரு பூவை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்:

"உங்கட சவரப் பெட்டிக்குள்ளை இருக்கிற எழுத்துகளை எடுத்துத் தாங்கோ. நாளைக்கு ஒரு எழுத்து வெளியிலை இருக்கப்படாது."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது! எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அட்டைகளில் சோப்பு வாசனை. முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பெட்டிக்குள் போடவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலையைப் போட்டு அதன்மேல் தனியாக வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆக, எனக்கும் ஒரு வருஷம் பேச்சில்லை. அல்லது இரண்டு. அவன் மச்சான், நான் புருஷன். எனக்குத் தண்டனை இன்னும் கூடுதலாகத்தான் கிடைக்கும்.

இந்த நாட்குறிப்பையும் பேனாவையும் கேட்டுக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கொடுத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

5-10-1927, புதன், விஜயதசமி

நேற்று எழுத முடியாதது நல்லதாயிற்று. எழுதியிருந்தால் ஒப்பாரியாக இருந்திருக்கும்.

இன்று காலை பூசை முடிந்து அவலும் கடலையும் படைத்த பிறகு புத்தகங்களை மூடியிருந்த பட்டுத் துண்டை நீக்கினாள். முதலில் வெற்றிலையில் இருந்த எழுத்துகளை அள்ளிச் சுருட்டுப் பெட்டிக்குள் போட்டாள். பெட்டியை ஒரு குலுக்குக் குலுக்கினாள். பிறகு நேரே என் முன்னால் வந்து நின்று, "ஓம்" என்றாள்.

"என்ன ஓம்?"

"அண்டைக்குக் கேட்டியள், சந்தோஷமோ எண்டு. அதுக்குத்தான். ஓம்."

இத்தனை நாள் அவள் அடைத்து வைத்திருந்ததெல்லாம் மடை உடைத்தது.

"எவ்வளவு கஷ்டம் தெரியுமோ! ஓம் சொல்லேலாது, வேணும் சொல்லேலாது, அம்மா எண்டு கூப்பிடேலாது. வாய் தவறினால் எனக்கு நானே ஒரு குட்டு எண்டு வைச்சிருந்தன். உச்சி இன்னும் நோகுது. நீங்கள் எடுத்த எழுத்தை நான் உங்களோடை கதைக்கேக்கை பாவிக்கக் கூடாதெல்லோ? அதுதானே விளையாட்டு!"

"நான் எடுத்ததெண்டு உனக்கு எப்பிடி..."

"சவரப் பெட்டியைத் துடைச்சு வைக்கிறது ஆர்?"

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அப்ப விஸ்வலிங்கத்துக்கு மட்டும் ஓம் ஓம் எண்டு சொன்னாய்?"

"அவரோடை ஆர் விளையாடினது?" என்றாள். உண்மையாகவே அதிசயப்பட்டாள். "மச்சான் எல்லாத்தையும் கிணத்திலை போட்டவர். போட்டால் பேந்து என்ன இருக்கு? நீங்கள் ஒரே ஒரு எழுத்தைத்தானே எடுத்தனீங்கள். அதுவும் தேடித் தேடி, உள்ளதிலை கஷ்டமானதை. மிச்சமெல்லாம் எனக்கு விட்டியள். நான் நினைச்சிருந்தன், உங்களுக்கு வெண்பாதான் தெரியும், விளையாடத் தெரியாதெண்டு."

அவள் கண் பளபளவென்று இருந்தது. மகரத்தைப் பார்த்த கண்.

என்னத்தைச் சொல்வது? அம்மா, நான் விளையாடவில்லை, உன் விளையாட்டைக் கெடுக்கவந்தேன் என்றா? குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்திருக்கிறது. பிள்ளையாரை யாராவது திரும்பக் குரங்காக்குவார்களா? அவலைத் தின்றுகொண்டு, ஏதோ பெரிய ஆட்டக்காரன்போல மெல்லத் தலையாட்டினேன்.

ஆனால் உள்ளதை இங்கே எழுதலாம். அவள் மனதில் ஒரு கதிரவேலு இருக்கிறான். யோசித்து, குறும்பாக, அளவாக ஓர் எழுத்தை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, மனைவி என்ன செய்கிறாள் என்று துவாய்க்குள் சிரித்துக்கொண்டிருந்தவன். அவனுக்காகத்தான் இத்தனை நாள் உச்சி நோகக் குட்டிக்கொண்டாள். சுருட்டுப் பெட்டியும் போயிற்று, விஸ்வலிங்கமும் போயிற்று. இன்று எனக்கு அந்தக் கதிரவேலுமேல்தான் பொறாமை.

அவன் கெட்டிக்காரன். அவனைப்போல இருந்து பார்க்கவேண்டும்.

9-10-1927, ஞாயிறு

பென்சிலால் எழுதுகிறேன். பேனாவின் எழுதும் முள்ளைக் காணவில்லை. மேசை இழுப்பறையில் இருந்த மாற்று முள்களும் இல்லை. மைப்புட்டி நிறைய மை இருக்கிறது.

கண்டாயோ என்று கேட்க வாய் எடுத்தேன். பிறகு கேட்கவில்லை. 'ம்' போனபோது அவள் என்னைக் கேட்டாளா?

மத்தியானம் விஸ்வலிங்கம் வந்திருந்தான். வெற்றிலைத் தட்டு, தேத்தண்ணீர், எல்லாம் நடந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நானும் கூட இருந்தேன். அம்பிகை ஒருமுறை அந்தப் பென்சிலைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அவன் கேட்டதற்கெல்லாம் ஓம் மச்சான், ஓம் மச்சான் என்று மரியாதையாகப் பதில் சொன்னாள்.

பாவம், அவன்.